வெளிச்சத்துக்கு உட்கார்ந்தவர்கள்

மகள் படம் எடுக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் அம்மா முதலில் சொன்னது இதுதான்: "என் மூஞ்சிய மட்டும் கேமராவுல காட்டிடாதே. மத்தபடி என்ன வேலை சொன்னாலும் செய்றேன்." மகள் அம்மாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள்.

மகளுக்கு வாரநாட்களில் கல்யாண வீடியோ கடை ஒன்றில் வேலை. யார் யாரோ கைகோத்து நடப்பதையும், யாருடைய அத்தையோ ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வதையும் வெட்டி ஒட்டி, பின்னால் பாட்டுப் போட்டுத் தர வேண்டும். ஊரார் கல்யாணங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், அவளே ஒரு காதல் கதை எழுதினாள். சிரிப்புக் கதை. பல் டாக்டர் என்றாலே நடுங்குகிற ஒரு பெண். அவளுக்குக் கடைவாயில் தீராத வலி. சிகிச்சை தருகிற இளம் டாக்டருக்கு அவள்மேல் காதல். ஆனால் அவன் எப்போது பேச்சைத் தொடங்கினாலும் அவள் வாயில் பஞ்சு இருக்கும், இல்லை ஒரு கருவி இருக்கும். புருவத்தாலும் விரலாலும்தான் பதில் சொல்வாள். கடைசிக் காட்சியில்தான் வாயில் ஒன்றுமில்லாமல் அவனிடம் பேசுவாள். அவ்வளவுதான் கதை. தயாரிப்பாளர் என்று யாரும் கிடையாது. நாலைந்து நண்பர்கள், ஒரு இரவல் கேமரா, சித்தப்பாவின் பழைய வேன்.

எல்லாம் சேர்ந்தது, கிளினிக்தான் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு ஒரு பல் டாக்டரைத் தெரியும். வருடக்கணக்காக அவரிடம்தான் போகிறாள். "நான் கேக்கறேன்" என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டாள்.

அவள் கேட்ட நேரம்தான் சரியில்லை. கடைவாய்ப் பல்லுக்கு மேல் உறை போடப் போயிருந்தாள். ஊசி போட்டு ஒரு பக்கம் முழுக்க மரத்துப்போயிருந்தது, நாக்கு கட்டை போலக் கிடந்தது. அந்த நிலையில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"டாக்டர், இங்க படம் எடுக்கணும்."

"எடுத்துடலாமே," என்றார் டாக்டர். "எப்ப எடுக்கலாம்?"

"ஞாயித்துக்கிழமை."

"ஞாயிறு லீவாச்சே…" என்று இழுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, உங்களுக்காகத் திறந்து வைக்கிறேன். காலைல வாங்க" என்றார்.

ஞாயிறு காலை அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தபோது, அம்மா வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் தோளில் விளக்குக் கம்பியோடு வாசல் நிலையை இடிக்கும் உயரத்தில் ஒருவன், இன்னும் நான்கைந்து பேர், படிக்கட்டு நெடுகப் பெட்டிகள்.

டாக்டர் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். "ஒரு பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்க இத்தனை பேரா?" என்றார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது அவள் பழக்கம். முன்பல் ஒன்று அடுத்த பல்மேல் சற்றே ஏறியிருக்கும். சிறு வயதில் யாரோ கேலி செய்ததிலிருந்து, சிரிப்பு வரும்போதெல்லாம் கை தானாக வாய்க்குப் போய்விடும். சரிசெய்துவிடலாம் என்று டாக்டரே இரண்டொரு தடவை சொல்லியிருக்கிறார். "இத்தனை வருஷம் என்கூட இருந்துடுச்சு, இருந்துட்டுப் போகட்டும்" என்றுவிட்டாள்.

விஷயம் புரிந்ததும் டாக்டர் தலையைச் சொறிந்தார். "வாயக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்," என்றார் டாக்டர் கடைசியில். "எடுங்க. ஆனா அந்த நாற்காலிய யாரும் இஷ்டத்துக்கு ஏத்தி இறக்கக்கூடாது. நான் இங்கயேதான் இருப்பேன்."

இப்படியாக, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் படப்பிடிப்பு என்று முடிவாயிற்று.

நாயகியாக நடித்தவள் காலை வேளையில் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுத்தருகிறவள். குளத்திலிருந்து ஈரத்தலையோடு அவள் வந்து சேர நேரமாகும். நாயகன் நேரத்துக்கு வந்துவிடுவான். வந்து கண்ணாடி முன்னால் நின்றுவிடுவான். அதற்குள் வெளிச்சத்தைச் சரிசெய்ய வேண்டும். வெறும் நாற்காலியில் வெளிச்சம் பார்க்க முடியாது. ஒரு முகம் வேண்டும். எல்லோரும் நெட்டையன் என்று கூப்பிடும் கேமராக்காரன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அம்மா, கொஞ்சம் நாற்காலில சாஞ்சு உக்காருங்களேன்" என்றான்.

"மூஞ்சி படத்துல வராதே?"

"வராதும்மா. லைட் மட்டும்தான் பாக்கறேன். டாக்டர், நீங்க இந்தப் பக்கம் வாங்க. நாயகன் நிக்கிற இடம்."

டாக்டர் வழக்கமாக உட்காருவது நோயாளியின் தலைமாட்டில். நாயகன் நிற்க வேண்டிய இடமோ எதிரே, ஜன்னல் பக்கம். அவர் அங்கே போய்க் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

நெட்டையன் ஜன்னலுக்கு வெளியே பால்கனியில் ஒரு விளக்கை நிறுத்தி, ஜன்னலுக்குக் குறுக்கே வெள்ளைத் துணியைக் கட்டினான். விளக்கைப் போட்டதும் அறையே மாறிவிட்டது. கருவித் தட்டு, வாய் கொப்பளிக்கும் கிண்ணம், சுவரில் ஒட்டியிருந்த பற்களின் படம் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல மிதந்தன. கிராம்பு எண்ணெய் வாசம் மட்டும் நிஜமாக இருந்தது.

"ரெண்டு பேரும் அசையாதீங்க. பேசிக்கலாம். உதடு மட்டும் அசைஞ்சாப் போதும்."

டாக்டர் உதடு அசையாமலே பேசுகிறவர்போல மெல்லச் சொன்னார்: "உங்கள நேரா பாத்ததே இல்லைன்னு இப்பத்தான் தோணுது."

"இத்தனை வருஷமா வர்றேனே?"

"தலைமாட்டுல உக்காந்து தலைகீழாத்தானே பாத்திருக்கேன். உங்க புருவம் எனக்கு மீசை மாதிரிதான் தெரியும்."

அம்மாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கை எழும்பியது. "அம்மா, அசையாதீங்க!" என்றான் நெட்டையன். கை பாதியில் நின்று மறுபடி மடியில் இறங்கியது. சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். காட்சிக்குக் காட்சி விளக்கு இடம் மாறும். அம்மா நாற்காலியில் சாய்வாள், டாக்டர் எதிரே வந்து நிற்பார். நெட்டையனுக்கு வெளிச்சத்தில் திருப்தி வருவது லேசில் நடக்காது. துணியை இன்னும் ஒரு மடிப்பு மடிப்பான், பிரிப்பான், விளக்கை ஒரு சாண் தள்ளுவான், உதட்டைப் பிதுக்குவான். அந்த இடைவெளியில் இருவரும் பேசினார்கள். வேறு எங்கும் ஓட முடியாமல், வேறு வேலை எதையும் கையில் எடுக்க முடியாமல், வெளிச்சத்துக்காக உட்கார்ந்துகொண்டும் நின்றுகொண்டும் பேசுவதென்பது அவர்கள் இருவர் வாழ்க்கையிலும் நடக்காத ஒன்று.

அம்மாவுக்குப் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை. வாடிக்கையாளர் ஒரு துணித்துண்டையோ காய்ந்த இலையையோ கொண்டுவந்து, "இதே மாதிரி வேணும்" என்பார்கள். அவள் பார்த்துப் பார்த்துச் சொட்டுச் சொட்டாகக் கலந்து அந்த நிறத்தைக் கொண்டுவருவாள். ஒருமுறை ஒருத்தி தன் நாய்க்குட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், படுக்கையறைச் சுவர் அந்தக் காதின் நிறத்தில் வேண்டும் என்று.

"கலந்தீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"கலந்தேன். நாய் பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டே இருந்துச்சு. உங்க கோட்டு இருக்கே, அது பச்சையும் இல்ல, நீலமும் இல்ல. நாலு சொட்டுக் கறுப்பு விட்டிருக்காங்க."

"எனக்குத் தெரியாது. கொடுத்தாங்க, போட்டுக்கிட்டேன்."

"வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நான் மட்டும்தான். மனைவி பிரிஞ்சு போய் ரொம்ப வருஷமாச்சு. சண்டையெல்லாம் இல்ல. 'உங்களுக்குப் பேசத் தெரியல'ன்னு சொல்லிட்டுப் போனா. யோசிச்சுப் பாத்தா உண்மைதான். நாள் முழுக்க பதில் சொல்ல முடியாதவங்ககிட்டயே பேசிப் பழகிட்டேன்."

"கண்ணை மூடுங்கம்மா, இமைமேல நிழல் எப்படி விழுதுன்னு பாக்கணும்" என்று நெட்டையன் சொன்னதும் அம்மா மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளும் வெளிச்சம் இருந்தது. ஆரஞ்சும் ரோஜாவும் கலந்த நிறம். எந்தச் சொட்டை எவ்வளவு விட்டால் அது வரும் என்று அவள் யோசித்துக்கொண்டே கிடந்தாள். பக்கத்தில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது. அந்தப் பாதித் தூக்கம் அவளுக்கு வாரம் முழுவதும் கடையில் கூடவே வந்தது. மஞ்சள் கேட்டவருக்கு ரோஜா கலந்து கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

படம் மட்டும் நகரவில்லை. நாயகனுக்கும் நாயகிக்கும் ஒட்டவே இல்லை. அவன் பூசிக்கொண்டு வரும் வாசனைத் தைலத்தில் அவளுக்குத் தும்மல் வந்தது. அவள் வசனமே இல்லாமல் புருவத்தாலேயே கைத்தட்டல் வாங்கிவிடுவாளோ என்று அவனுக்குக் குடைச்சல். காதலாகப் பார்க்கச் சொன்னால், பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தான். உருப்படியாக வந்த ஒரே காட்சி, காத்திருக்கும் நோயாளியாக வந்த தாய்மாமனுடையது. மாமா நாற்காலியில் உட்கார்ந்ததும் நிஜமாகவே தூங்கிப்போனார். கூப்பிட்டபோது திடுக்கிட்டு எழுந்து, "எனக்கு வலி போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். மகள் அதை அப்படியே வைத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டில் உட்கார்ந்து, எடுத்ததையெல்லாம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தும்மல், மறந்த வசனம், மறுபடி தும்மல். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தபோது, நடுவில் வேறு ஏதோ வந்தது. கூர்மை சரியாக இருக்கிறதா என்று பார்க்க நெட்டையன் சற்று நேரம் கேமராவை ஓடவிட்டிருக்கிறான், அழிக்க மறந்துவிட்டான்.

திரையில் அம்மா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். டாக்டர் ஏதோ சொன்னார், சத்தம் பதிவாகவில்லை. அம்மா சிரித்தாள். இரண்டு கைகளும் மடியிலேயே இருந்தன. வாய் முழுக்கத் திறந்து, ஏறிய பல்லும் ஏறாத பல்லும் எல்லாம் தெரிய, நாற்காலி குலுங்கச் சிரித்தாள்.

மகள் காட்சியை நிறுத்தினாள். மறுபடி ஓடவிட்டாள். தன் அம்மாவின் பற்களை இதற்குமுன் பார்த்த ஞாபகமே அவளுக்கு இல்லை.

நெட்டையனை வரவழைத்துக் காட்டினாள். அவன் நின்றபடியே பார்த்தான், பிறகு உட்கார்ந்து பார்த்தான். "நாம எடுக்க முடியாம தவிக்கிறது இதுதானே?" என்றான். "இது படத்துக்குள்ள வந்தா போதும். மத்ததெல்லாம் தானா நிக்கும்."

"வாய மூடு," என்றாள் மகள். அவளுக்கு ஏன் கோபம் வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை. அலமாரிமேல் அப்பாவின் படம் இருந்தது. அப்பா போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தப் படத்திலும் அம்மா பக்கத்தில் நிற்கிறாள். உதட்டை இறுக மூடிக்கொண்டு.

அடுத்த ஞாயிறு அவள் நாயகியின் நீச்சல் வகுப்பை வேறு ஒருத்தியிடம் மாற்றிவிட்டு, அவளைச் சீக்கிரமே வரச் செய்தாள். அவள் வந்து தயாராவதற்குள் வெளிச்சம் பார்க்க, வீட்டிலிருந்து கோட்டு மாட்டும் ஸ்டாண்டு ஒன்றைக் கொண்டுவந்து, அதில் ஒரு தலையணையைக் கட்டி நாற்காலியில் சாய்த்தாள். "உனக்கு ரெஸ்ட்டும்மா" என்றாள். நெட்டையன் தலையணையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

அம்மா காத்திருக்கும் அறையில் பழைய வாரப்பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் உள்ளறையில் ஏற்கெனவே அடுக்கிய கருவிகளை மறுபடி அடுக்கினார். ஒரு தடவை தண்ணீர் குடிக்க வெளியே வந்தார். "இன்னிக்கு லைட்டுக்கு நீங்க உக்காரலையா?" என்று கேட்டார். "எனக்குப் பதிலா ஆள் வந்தாச்சு" என்று உள்ளே நாற்காலியில் இருந்த தலையணையைக் காட்டினாள் அம்மா. அவர் சிரிக்க முயன்று, தண்ணீர் குடிக்காமலே உள்ளே போனார். அன்று எடுத்த எதிலும் உயிரில்லை.

மாலையில் வீட்டில் அம்மாவும் மகளும் கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வேலைய விட்டுத் தூக்கிட்டே, சரி," என்றாள் அம்மா. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அந்தத் தலையணைக்கு என்னைவிட மூக்கு எடுப்பா இருக்கா?"

மகள் சிரிக்கவில்லை. "நீ அவர்கிட்ட சிரிக்கறம்மா."

"யார்கிட்ட?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

அம்மா கேபிளை முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே சுற்றிக்கொண்டே இருந்தாள். "சிரிச்சா என்ன?"

"வாயப் பொத்தாம சிரிக்கற. என்கிட்டகூட அப்படி சிரிச்சதில்ல. அப்பாகிட்டயும்…"

"அப்பாவ இதுல இழுக்காதே," என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "உங்கப்பா நல்ல மனுஷன். இருந்தவரைக்கும் எனக்கு ஒரு குறையும் வெக்கல. அவர் போனப்ப நான் எப்படி இருந்தேன்னு கூட இருந்து பாத்தவ நீ. அதையும் இதையும் ஏன்டி போட்டு முடிச்சுப் போடற?"

மகள் கையிலிருந்த கேபிள் சிக்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் அதைப் பிரிப்பதிலேயே இருந்தாள். பிறகு தலை நிமிராமல் கேட்டாள். "அவரப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு." சொல்லிவிட்டு அம்மா சிக்கலைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். "அதுக்கென்ன இப்ப? அவருக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். வெளிச்சத்துல ஒருத்தர் பக்கத்துல சும்மா இருக்கறது நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான். அதையும் பிடுங்கிட்டே."

மகள் எழுந்துபோய் மடிக்கணினியைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்து, அந்தக் காட்சியை ஓடவிட்டாள்.

தன் முகத்தைப் பார்த்ததும் அம்மா, "அடிப்பாவி, சத்தியம் பண்ணினியேடி!" என்று கையால் திரையை மறைத்தாள். மகள் கையை மெல்ல விலக்கினாள். சிரிப்பு வந்தது, போனது. பிறகு நெட்டையன் சொல்லியிருக்க வேண்டும், திரையிலிருந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மகள் போன தடவை இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தாள். இப்போது காட்சி மேலே ஓடியது.

கண்ணை மூடியவளின் எதிரே டாக்டர் நின்றார். விளக்கைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்க்கவில்லை. நாயகியின் எதிரே நாயகன் எப்படி நிற்க வேண்டும் என்று மகள் வாரக்கணக்காகத் தொண்டை வற்றக் கத்தினாளோ, அப்படியே நின்றார். ஒரு தடவை, நாற்காலியின் கைப்பிடியிலிருந்து நழுவப் பார்த்த அம்மாவின் முந்தானை நுனியை எடுத்து, அவளுக்குத் தெரியாமல் மேலே வைத்தார். பிறகு மறுபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவர் என்னத்தப் பாக்கறார்?" என்றாள் அம்மா.

"லைட்டை இல்லம்மா."

அம்மா இன்னொரு தடவை போடச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை. அதற்குப் பின் எழுந்து, சுருட்டிய கேபிள்களை எல்லாம் தவறான பெட்டியில் போட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கடையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். மணிக்கட்டில் இளநீலம் ஒரு சொட்டு காய்ந்திருந்தது. உள்ளே டாக்டர் இருந்தார். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி உதவிக்கு இருக்கும் பெண் நின்றாள். பிறகு நடந்ததையெல்லாம் மகளிடமும் நெட்டையனிடமும் கொஞ்சமும் விடாமல் சொன்னவள் அவள்தான்.

"எந்தப் பல்லு?" என்று கேட்டார் டாக்டர்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேச வந்தேன்."

"நான் வெளிய இருக்கட்டுமா?" என்றாள் உதவிப் பெண். "போம்மா" என்றார் டாக்டர். "இரும்மா" என்றாள் அம்மா, துணைக்கு ஒரு ஆள் வேண்டியிருந்ததால். உதவிப் பெண் பாதி உடம்பைக் கதவுக்கு உள்ளேயும் பாதியை வெளியேயுமாக வைத்துக்கொண்டாள்.

அம்மா நாற்காலியில் சாயவில்லை. கால்களைத் தொங்கவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். "நான் கண்ண மூடியிருக்கும்போது நீங்க என்னைப் பாக்கறீங்க," என்றாள்.

டாக்டரின் காது நுனி சிவந்தது. "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. கேமராவுல பதிஞ்சிருக்கு. நானே பாத்தேன்."

"அது… பல்லு எப்படி இருக்குன்னு…"

"என் வாய் மூடித்தான் இருந்துச்சு."

உதவிப் பெண்ணின் கையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. காற்றை உறிஞ்சி உறிஞ்சி இரைந்தது. டாக்டர் எட்டி அதை நிறுத்தினார். கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். அது முடிய வெகுநேரமானது.

"கோபமா?" என்றார்.

"கோபமா இருந்தா கடைல பர்மிஷன் போட்டுட்டு வருவேனா?"

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. இந்த நாற்காலில உக்காந்து யாரும் எனக்கு பதில் சொன்னதில்ல."

"கேள்வி கேளுங்க. சொல்றேன்."

அவர் தன் சக்கர ஸ்டூலை அவளுக்கு எதிரே தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உருளும் ஸ்டூல், பிடிமானமில்லாமல் ஒரு சாண் பின்னால் போனது. காலை ஊன்றி நிறுத்தினார். "கடைசி ஷூட்டிங் முடிஞ்சதும், ஒரு நாள், சும்மா… எங்கயாவது நடக்கப் போலாமா?"

"அதுக்கு ஏன் ஷூட்டிங் முடியணும்? நாளைக்கே எனக்கு சாயங்காலம் சீக்கிரம் விட்டுடுவாங்க."

கன்னம் வீங்கிய ஒரு மனிதர் காத்திருக்கும் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னும் நேரமாகுமா?" என்றார். "ஆகும்" என்றாள் உதவிப் பெண், யாரையும் கேட்காமல்.

அந்த வார இறுதியில் மகள் அந்தக் காட்சியைப் படத்தில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். இருவரிடமும் சேர்த்தே கேட்டாள். டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தயங்கவே இல்லை. "அது எங்களோடது கண்ணு. உனக்கு வேணும்னா உன் ஆளுங்கள வெச்சு நீ எடு" என்றாள். மகள் அதைத் தனியாக ஒரு பென்டிரைவில் போட்டு அம்மா கையில் கொடுத்துவிட்டு, தன்னிடமிருந்ததை அழித்தாள். நெட்டையன் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

கடைசி ஞாயிறு, கடைசிக் காட்சி. மகள் எழுதிவைத்திருந்த வசனத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அடித்துவிட்டாள். வெளிச்சம் பார்க்க வேறு யாரும் உட்கார வேண்டாம், நாயகனும் நாயகியுமே இருக்கட்டும் என்றாள். "எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோ" என்று நெட்டையனிடம் சொன்னாள். நாயகனிடமும் நாயகியிடமும், "கேமரா ஓடும், எப்ப ஓடுதுன்னு சொல்ல மாட்டேன். அசையாதீங்க. பேசறதுன்னா பேசுங்க" என்றாள். நாயகனை முகம் கழுவிவிட்டு வரச் செய்திருந்தாள். தைல வாசனை இல்லை.

நெட்டையன் துணியைக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. நாயகிக்குக் கண் சொருகியது. வெளியே யாரோ ஒரு வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று விட்டுவிட்டார்கள். எல்லோரும் அலுத்துப்போன ஒரு கணத்தில் நாயகன் தணிந்த குரலில், "உண்மையச் சொல்லட்டா? எனக்கு ரெண்டு சொத்தைப் பல்லு இருக்கு. பயத்துல டாக்டர்கிட்ட போகவே இல்ல. படம் முழுக்க டாக்டர் கோட்டப் போட்டுட்டு நிக்கறேன், கால் நடுங்குது" என்றான்.

நாயகி கண்ணைத் திறந்து அவனை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "எங்க, காட்டு" என்றாள். அவன் வாயைத் திறந்தான். அவள் நாற்காலியிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்து, "ஐயோ பாவம்" என்றாள். அவன் திறந்த வாயோடு ஏதோ சொன்னான், யாருக்கும் புரியவில்லை. அவளுக்கு மட்டும் புரிந்ததோ என்னவோ, சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அவனுக்கும் தொற்றிக்கொண்டது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெட்டையனைப் பார்த்தாள். அவன் கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒரு கட்டைவிரலை உயர்த்தினான்.

கதை தலைகீழாகிவிட்டது, வாய் திறந்து நின்றவன் டாக்டர், பேசியவள் நோயாளி. அதனால் என்ன, படம் முடிந்துவிட்டது.

சில மாதங்கள் கழித்து ஒரு சின்ன அரங்கில், மதியக் காட்சியாக அதைத் திரையிட்டார்கள். பாதி இருக்கைகள் நிறைந்திருந்தன. மாமா தூங்கும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா எழுந்து நின்று கும்பிட்டார். மகள் உருகி உருகி எழுதிய ஓர் இடத்தில் யாரோ கொட்டாவி விட்டது அரங்கம் முழுக்கக் கேட்டது. கடைசிக் காட்சியில் அரங்கம் அடங்கி இருந்தது. எவரும் இருமக்கூட இல்லை. விளக்குப் போட்டதும் முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து மகளின் கையை இறுகப் பிடித்து, விட்டுவிட்டுப் போனாள். மகளுக்கு அது போதுமாக இருந்தது.

எல்லாப் பெட்டிகளையும் வேனில் ஏற்றியபோது வெயில் தாழ்ந்துவிட்டது. டாக்டர் ஓட்டினார், நோயாளியை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக. அம்மா அவர் பக்கத்தில். பின்னால் நெட்டையன் விளக்குப் பெட்டிமேல் தலைசாய்த்துக் குறட்டை விட்டான். மகள் மடியில் கேபிள் சுருளோடு சாய்ந்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே கட்டடங்களுக்கு மேலே வானம் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

"இது என்ன நிறம்?" என்று டாக்டர் கேட்பது காதில் விழுந்தது.

"ஊதா. ஆனா அதுல கொஞ்சம் செங்கல் தூள் விழுந்திருக்கு."

"எனக்குச் சாம்பலாத்தான் தெரியுது."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க. சிக்னல்ல நிக்கும்போது நல்லாப் பாருங்க, சொல்றேன்."

வேன் நின்றது. அவர் பார்த்திருக்க வேண்டும். "சரி, கொஞ்சம் ஊதாதான்" என்றார். "கொஞ்சமா?" என்றாள் அம்மா. மகளுக்குக் கண்கள் செருகின. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தபடியே தூங்கிப்போனாள்.